நெல் பழுக்கும் பருவத்தில் நிறமும் சொரசொரப்பும்: குழந்தைகளுக்கான ஓவியப் பாடம் – கேள்வி பதில்

மார்கழிக் கடைசியில் தொடங்கித் தை பாதி வரை, காவிரிப் படுகையின் சம்பா வயல்கள் வாரத்துக்கு ஒரு நிறம் மாறும். அந்த மூன்று நான்கு வாரங்களில் 1 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தக்கூடிய ஓவியப் பாடம் இது. ஓவிய ஆசிரியர்கள் ‘டெக்ஸ்ச்சர்’ என்று சொல்வதை, அதாவது தொட்டால் கைக்குத் தெரிகிற சொரசொரப்பு, வழவழப்பு, மேடு பள்ளத்தை, இங்கே நிறத்தோடு சேர்த்தே சொல்லித் தருகிறோம். ஆசிரியர்களும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது.

ஏன் இந்தப் பருவம்? வருடம் முழுக்க வயல் இருக்கிறதே?

குறுகிய கால நெல்லான குறுவையின் அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வரும். மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அவசர அவசரமாக அறுத்து முடிப்பார்கள். சம்பா அப்படியில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பனி இறங்கி, வெயில் சாய்வாக விழும் நாட்களில் நிதானமாகப் பழுக்கும். சம்பாவும், குறுவை அறுத்த வயலில் நடும் தாளடியும் முன்பின்னாக நடப்பட்டிருப்பதால், ஒரே வரப்பில் நின்று பார்த்தால் இடது பக்கம் பச்சை, வலது பக்கம் பொன், தூரத்தில் அறுத்தபின் நிற்கும் தாள் (நெல்லின் அடிக்கட்டை) என மூன்று கட்டங்களும் ஒரே பார்வையில் கிடைக்கும். நிறம் நிலையானது இல்லை, மாறிக்கொண்டே இருப்பது என்று வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். இங்கே பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள்.

பாடத்தின் நோக்கம் என்ன? வயல் படம் வரைவதா?

இல்லை. மலை இரண்டு, நடுவில் சூரியன், கீழே பச்சைப் பட்டை என்று பிள்ளைகள் பழகிப்போன படத்தை இந்தப் பாடத்தில் வரையவே விடாதீர்கள். டெல்டாவில் மலையே கிடையாது; இருந்தும் ஓவிய நோட்டில் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. இங்கே ஒவ்வொரு பிள்ளையும் செய்யப்போவது ஒரு ‘வயல் பட்டை’. 10 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளமுள்ள சார்ட் பட்டையை ஆறு கட்டமாக மடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்த ஒரு நிறம், தொட்ட ஒரு பரப்பு. நாற்றின் பச்சையில் தொடங்கி அறுத்த தாளின் சாம்பல் பழுப்பில் முடியும்.

எத்தனை பீரியட் வேண்டும்?

40 நிமிடப் பீரியட் ஐந்து. முதலாவது வயலில். இரண்டாவது நிறம் கலக்க, மூன்றாவது தேய்ப்பு, நான்காவது வைக்கோலும் உமியும் ஒட்ட, ஐந்தாவது களிமண். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே ஒரு நாளாவது விடுங்கள். மார்கழிப் பனியில் பசை காய நேரமெடுக்கும்.

30 பிள்ளைகளுக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

ஐந்து பேருக்கு ஒரு குழு, மொத்தம் ஆறு குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்கு போஸ்டர் கலரில் மஞ்சள் 2 தேக்கரண்டி, வெள்ளை 1, நீலம் அரை, சிவப்பு அரை. ஆகமொத்தம் மஞ்சள் 60 மி.லி., வெள்ளை 30, நீலமும் சிவப்பும் 15, 15. எலுமிச்சை மஞ்சள் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆரஞ்சு கலந்த மஞ்சளில் இளம்பச்சை சரியாக வராது. பச்சை, பழுப்பு, கறுப்பு வாங்கவே வேண்டாம். பெட்டியாக வாங்கியிருந்தால் அந்த மூன்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். கையில் பச்சை டப்பா இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் பச்சையைத் தேடாது.

இவை தவிர, மெல்லிய ஏ4 தாள் (70 அல்லது 75 ஜிஎஸ்எம்) ஆளுக்கு 3, கெட்டி சார்ட் 6, மெழுகு கிரேயான், ஃபெவிகால் 200 கிராம், பழைய செய்தித்தாள், தண்ணீருக்குத் தேங்காய்ச் சிரட்டை. வண்ணம் கலக்கத் தட்டுக்குப் பதில் பூவரசு இலையோ வாழைமட்டைத் துண்டோ போதும். ஆனால் இலையின் பச்சை கலந்த நிறத்தை ஏமாற்றிக் காட்டும் என்பதால், தூரிகையில் எடுத்து வெள்ளைத் தாளில் ஒரு கோடு போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயலுக்குக் கூட்டிப்போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முந்தின நாளே வயல்காரரிடம் கேட்டுவிடுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: உள்ளே வரலாமா, சமீபத்தில் மருந்து அடித்தீர்களா. மருந்து அடித்த வயல் என்றால் வேறு வயல் பாருங்கள். காலை 8 முதல் 9 மணிதான் சரியான நேரம். பனி ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும், சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு கதிருக்கும் நிழல் விழும். 11 மணிக்கு மேல் எல்லாம் வெளிறி ஒரே மஞ்சளாகிவிடும். ஒற்றை வரிசையில், வரப்பு ஓரத்துப் புல்லைக் குச்சியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். அறுப்பு நெருங்கும்போது எலி இருக்கும், எலிக்குப் பின்னால் பாம்பும் இருக்கும். மடை திறந்திருக்கும் வாய்க்கால் பக்கம் வேண்டாம். 30 பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும்.

கதிர் பறிப்பதில் கண்டிப்பாக இருங்கள். குழுவுக்கு ஒன்று, அதுவும் வயல்காரர் கையால் கொடுத்தது. ஆளுக்கு ஒன்று என்று 30 கதிர் ஒடிப்பது சரியில்லை.

வயலில் போய் எதைப் பார்க்கச் சொல்வது? “பாருங்கள்” என்றால் பிள்ளைகள் தட்டானைத்தான் பார்க்கிறார்கள்.

பரந்த வயலைப் பார்க்கச் சொன்னால் அப்படித்தான் ஆகும். ஒரே ஒரு கதிரைக் கையில் கொடுங்கள். கதிர் நுனியில் இருந்து அடி நோக்கிப் பழுக்கும். பாதி பழுத்த கதிரில் நுனி மணிகள் பொன்னிறமாக இருக்கும், நடுவில் பச்சை கலந்த மஞ்சள், கழுத்துக்குப் பக்கத்தில் இன்னும் பச்சை. ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள ஒரே கதிரில் நான்கைந்து நிறம் வரிசையாக நிற்கிறது. “டீச்சர், நுனி மட்டும் பழுத்திருக்கு” என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் போதும், மற்றவர்கள் தாங்களே அடுத்ததைத் தேடுவார்கள். மணிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் வைக்கோல் நிறம் வந்தால்தான் அறுப்புக்கு ஆள் சொல்வார்கள் என்பதையும் அங்கேயே சொல்லலாம். ஓவியத்துக்காகப் பழக்கும் அதே பார்வையை வைத்துத்தான் விவசாயி அறுப்பு நாளைக் குறிக்கிறார்.

ஏன் பச்சை போய் மஞ்சள் வருகிறது என்று கேட்பார்கள். மஞ்சள் புதிதாக வருவதில்லை. இலையில் ஆரம்பத்திலிருந்தே மஞ்சள் நிறமி இருக்கிறது, பச்சையம் அதை மூடிக்கொண்டிருக்கிறது. மணி முற்றும்போது இலையில் இருக்கும் சத்து மணிக்குப் போகிறது, பச்சையம் சிதைகிறது, கீழே இருந்த மஞ்சள் தெரிகிறது. அதனால்தான் அடி இலை முதலில் பழுக்கிறது, கதிரை ஒட்டிய மேல் இலை கடைசிவரை பச்சை காட்டுகிறது.

அடுத்தது தொடுதல். நெல் இலையை அடியிலிருந்து நுனிக்கு விரலால் நீவினால் வழுக்கும். நுனியிலிருந்து அடிக்கு நீவினால் ரம்பம் மாதிரி இழுக்கும், அழுத்தினால் கையைக் கீறும். இலை ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் மேல்நோக்கி நிற்பதுதான் காரணம். மெதுவாக, ஒரு விரலால் மட்டும் தொடச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, இலை, மணி, வரப்பு மண், அறுத்த நெல் தாள் நான்கையும் தொடவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் கேளுங்கள். நறநற, மொரமொர, வழுவழு, பிசுபிசு, சொரசொர என்று நம் மொழியில் கைக்கே தனி அகராதி இருக்கிறது. அந்தச் சொற்களை நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது பீரியடில் தேவைப்படும்.

நிறம் கலக்கும்போது எல்லாம் சேறாகிவிடுகிறது. என்ன தவறு?

பெரும்பாலும் நீலம்தான். போஸ்டர் கலர் நீலம் மிகவும் வலுவானது. நீலத்தில் மஞ்சளை ஊற்றினால் டப்பா மஞ்சளும் கரைந்துபோகும், பச்சை வெளிறாது. மஞ்சளை முதலில் வைத்து, நீலத்தைக் குச்சி நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு வரிசையைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது தவறு, தூரிகை கழுவும் தண்ணீர். கழுவ ஒன்று, கலக்க ஒன்று என்று இரண்டு சிரட்டை கொடுங்கள். மூன்றாவது, மூன்று நிறத்தையும் சம அளவில் கொட்டுவது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் சமமாகச் சேர்ந்தால் சேற்று நிறம்தான் வரும். அது கெட்ட நிறமில்லை. நடவு முடிந்த வயலின் நிறமே அதுதான். ஆனால் வேண்டும்போது வர வேண்டும்.

நாங்கள் தொடங்கிவைக்கும் அளவுகள் இவை. நாற்றுப் பச்சைக்கு மஞ்சள் 6 பங்கு, நீலம் 1. தூர் கட்டிய பயிருக்கு மஞ்சள் 2, நீலம் 1, அதோடு சிவப்பு ஒரு பொட்டு. சிவப்பு இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வாளிப் பச்சையாக இருக்கும். பால் பிடிக்கும் கதிருக்கு நாற்றுப் பச்சையில் வெள்ளை 2 பங்கு. பழுத்த மணிக்கு மஞ்சள் 6, வெள்ளை 2, சிவப்பு அரை, கடைசியில் ஊசி முனையளவு நீலம். அந்த ஊசி முனை நீலத்தை விட்டுவிட்டால் நெல் மணி சாமந்திப்பூ மாதிரி மின்னும். நெல்லின் பொன்னில் சிறிது மங்கல் இருக்கிறது, அதைக் கொடுப்பது அந்த நீலம். வைக்கோலுக்கு வெள்ளை 4, மஞ்சள் 2, மீதி இருக்கும் சேற்று நிறம் அரை. ஒவ்வொரு நிறுவனத்தின் வண்ணமும் கொஞ்சம் மாறும் என்பதால் முந்தின நாள் நீங்களே ஒருமுறை கலந்து பாருங்கள்.

சரியா என்று பார்க்க ஒரே வழி: கலந்ததை ஒரு துண்டுத் தாளில் தடவி, காயவிட்டு, கதிருக்குப் பக்கத்தில் வைப்பது. ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், போஸ்டர் கலர் காய்ந்ததும் நிறம் சற்று மாறிவிடும்.

தேய்ப்பு ஓவியத்துக்கு எந்த இலை நல்லது?

பரப்பின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கிரேயானால் தேய்த்து அச்சு எடுப்பதுதான் தேய்ப்பு. கொய்யா இலை முதலிடம். பின்பக்க நரம்பு நன்றாகப் புடைத்திருக்கும். அடுத்து அரசு, பூவரசு, தேக்கு. மாவிலை சுமார். வாழை இலை ஏமாற்றும்: கண்ணுக்கு அவ்வளவு கோடு தெரியும், தாளில் ஒன்றும் வராது.

இலையின் பின்பக்கம் மேலே இருக்க வேண்டும். பறித்தவுடன் தேய்த்தால் சாறு கசிந்து தாள் நனையும். செய்தித்தாளுக்குள் ஒரு நாள் வைத்து எடுத்த இலை சரியான பதம். கிரேயானின் காகிதத்தை உரித்துவிட்டு, படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். நுனியால் தேய்த்தால் கோடுகோடாக வரும், தாளும் கிழியும். உருவம் இரட்டையாக வந்தால் தாள் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான்கு மூலையிலும் டேப் போடுங்கள், அல்லது பக்கத்துப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நெற்கதிரை அப்படியே வைத்துத் தேய்த்தால் உருண்டு ஓடும். கதிரை ஒரு அட்டையில் தட்டையாகப் பரப்பி ஃபெவிகாலால் ஒட்டி, இரவு முழுக்க ஒரு புத்தகத்துக்குக் கீழே வைத்துவிட்டால், மறுநாள் 30 பேரும் அந்த ஒரே கதிரில் மாற்றி மாற்றி அச்சு எடுக்கலாம். கோரைப்பாய், முறம், பனை ஓலை விசிறி, தென்னம் பன்னாடை எல்லாம் பள்ளிக்கு அருகிலேயே கிடைக்கும். கோயில் தூண், சிற்பம், கல்வெட்டு எதன் மேலும் தாள் வைத்துத் தேய்க்க விடாதீர்கள். மெழுகு கல்லில் ஒட்டினால் எளிதில் போகாது.

தேய்த்த தாளின் மேல் வண்ணம் பூசலாமா?

பூசலாம், அதுதான் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த இடம். மெழுகு தண்ணீரைத் தள்ளும், தேய்த்த கோடுகள் மட்டும் விலகி நிற்கும். வண்ணம் மோர் போல நீர்த்திருக்க வேண்டும், 1 பங்கு வண்ணத்துக்கு 5 பங்கு தண்ணீர். கெட்டியாகப் பூசினால் மெழுகையும் மூடிவிடும். மஞ்சள் கிரேயான் தேய்ப்பின் மேல் நீர்த்த பச்சை பூசுங்கள், பச்சை வயலுக்குள் கதிர் பழுத்து நிற்பது போலவே வரும். மெல்லிய தாள் என்பதால் சுருங்கும்; காய்ந்தபின் செய்தித்தாளுக்குள் வைத்துப் பாரம் ஏற்றுங்கள்.

அரிசி, பருப்பு ஒட்டிச் செய்யும் படம் செய்யலாமா?

வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சாப்பிடும் பொருள் என்பது ஒரு காரணம். நடவுக்கும் களையெடுப்பதற்கும் போய் வருகிற அம்மாவின் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, இரண்டே மாதத்தில் வண்டும் அந்துப்பூச்சியும் வந்து படத்தைப் பொடியாக்கிவிடும், சுவரில் மாட்டினால் எலியும் வரும்.

களத்தில் தூற்றும்போது ஒதுங்கும் பதரை வாங்கி வாருங்கள். கருக்காய் என்றும் சொல்வார்கள். பார்க்க நெல் மாதிரியே இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. அதே நிறம், அதே சொரசொரப்பு, பூச்சிக்குத் தீனியும் இல்லை. உமி ரைஸ்மில்லில் கிடைக்கும். வகுப்புக்கு பதரும் உமியும் ஆளுக்கு ஒரு கைப்பிடி தாராளம். இரண்டையும் நன்றாகச் சலித்துத் தூசியை வெளியிலேயே நீக்கிவிட்டு உள்ளே எடுத்து வாருங்கள். மூச்சிளைப்பு இருக்கும் பிள்ளைகளுக்கு உமித்தூசி ஆகாது, அவர்களுக்கு வைக்கோல் வேலை கொடுங்கள்.

ஒட்டும் முறை: ஃபெவிகால் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு கலந்து கட்டத்தில் தடவி, உமியைத் தூவி, மேலே ஒரு தாள் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, அப்படியே விட்டுவிட வேண்டும். உடனே உதறினால் பாதி கொட்டிவிடும், காய்ந்தபின்தான் உதற வேண்டும். மைதாப் பசையும் போதும்: மைதா 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 200 மி.லி., கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போலத் தெளியும்வரை கிண்டி ஆறவைப்பது. அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், மறுநாளே புளித்துவிடும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கும் பழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் தொடும் பசையில் சேர்க்கவே கூடாது.

வைக்கோலை ஒட்டினால் முறிகிறது, எழும்பி நிற்கிறது. என்ன செய்வது?

வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். பிறகு நகத்தால் நீளவாக்கில் கீறி விரித்தால் நாடாவாக விரியும். பழைய துணிக்கு அடியில் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் தட்டையாகிப் பளபளக்கும். இஸ்திரி வேலை ஆசிரியருடையது. கை அறுப்பு வைக்கோல் என்று கேட்டு வாங்குங்கள். மெஷின் அறுப்பில் தண்டு நசுங்கி வருவதால் நாடா எடுக்க முடியாது. ஆனால் நசுங்கினதையும் எறிய வேண்டாம், அறுத்த தாள் கட்டத்துக்கு அதன் முரட்டுத்தனம் நன்றாகப் பொருந்தும். மழையில் நனைந்து கறுத்த வைக்கோலும் இரண்டு கைப்பிடி எடுத்து வையுங்கள். புது வைக்கோல், கறுத்த வைக்கோல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் கிடைக்கும் நிழல் எந்த வண்ணத்திலும் கிடைக்காது.

களிமண் பலகை காயும்போது வெடிக்கிறதே?

காவிரி வண்டல் மிக நுண்ணியது. சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் வண்டலை முதலில் பூசுவது இதனால்தான். நகக்கீறல் அளவு நுணுக்கமும் அதில் பதியும். அதே நுண்மை நிறையத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். காயும்போது அந்தத் தண்ணீர் போன இடம் சுருங்கும். ஓரம் சீக்கிரம் காய்ந்து, நடு ஈரமாக இருந்தால், இரண்டும் இழுத்துக்கொண்டு வெடிக்கும்.

வண்டல் 4 பங்குக்குச் சலித்த ஆற்று மணல் 1 பங்கு கலந்து, சப்பாத்தி மாவை விடச் சற்று இறுக்கமாகப் பிசையுங்கள். ஆளுக்கு 300 கிராம். 10 செ.மீ. சதுரம், ஒன்றரை செ.மீ. கனத்தில் தட்டி, கதிர், இலை, பன்னாடை எதை வேண்டுமானாலும் அழுத்தி எடுக்கலாம். எடுக்கும்போது ஒட்டிக்கொண்டால் மண்ணில் ஈரம் அதிகம். மேலே கொஞ்சம் சாம்பல் தூவி அழுத்துங்கள். வெயிலில் வைக்காதீர்கள். நிழலில், முதல் இரண்டு நாள் செய்தித்தாள் மூடி, தினமும் ஒருமுறை திருப்பிப் போட்டு, ஐந்து நாள். அப்படியும் சில வெடிக்கும். கோடையில் குளத்தடி வெடித்துக் கிடப்பதைப் பிள்ளைகளுக்கு நினைவுபடுத்தி, வெடித்ததையே மேல்பக்கமாக வைத்துக் காட்சிப்படுத்துங்கள், அதுவும் ஒரு பரப்புதான்.

கடை வண்ணம் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். 1 தேக்கரண்டி மஞ்சள் தூளை 4 தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் மஞ்சள். அதில் பாதியை எடுத்து ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் கண்முன்னே செம்பழுப்பாகும். சுண்ணாம்பு இன்னும் சிவப்பாக்கும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். சங்குப்பூ 20 எடுத்து அரை டம்ளர் வெந்நீரில் 10 நிமிடம் போட்டால் நீலம், எலுமிச்சைச் சாறு சொட்டினால் ஊதா.

இவை வெளிறும். மஞ்சளை வெயில் படும் சுவரில் மாட்டினால் சில நாட்களிலேயே மங்கிவிடும். மண்ணும் கரியும் அப்படியில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் 1931-இல் கண்டுபிடிக்கப்பட்ட சோழர் கால ஓவியங்களில் காவியும் சுண்ணாம்பு வெள்ளையும் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் நிற்கின்றன. வல்லம் பக்கத்துச் செம்மண், செங்கல் பொடி, சிரட்டைக் கரி மூன்றையும் துணியில் சலித்து, பொடி 1 பங்குக்கு நீர்த்த ஃபெவிகால் 1 பங்கு சேர்த்தால் நிற்கும் வண்ணம் ரெடி. சொரசொரப்பும் கூடவே கிடைக்கும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் இருப்பது போல மேடு எழுப்பிக் காட்டலாமா?

4, 5-ஆம் வகுப்புக்குக் காட்டலாம். வெள்ளைக் கோலமாவு 2 பங்கு, ஃபெவிகால் 1 பங்கு, வடை மாவுப் பதம். மருதாணிக் கோன் மாதிரி பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி அதில் நிரப்பி, நெல்மணி நெல்மணியாகப் பிழியச் சொல்லுங்கள். 3 மி.மீ. உயரத்துக்கு மேல் போனால் வெடிக்கும். இன்னும் உயரம் வேண்டுமானால் மறுநாள் இரண்டாவது அடுக்கு. காய்ந்தபின் முதலில் அடர் பழுப்பு பூசி, பிறகு தூரிகையைத் துணியில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்த மஞ்சளை மேலோட்டமாக இழுத்தால், மேடு மட்டும் பொன்னாகும், பள்ளம் இருட்டாகவே நிற்கும்.

எங்கள் பள்ளி கும்பகோணம் நகருக்குள் இருக்கிறது. வயல் இல்லையே?

மாட்டுப் பொங்கலுக்கு முன்பு நெற்கதிர், வைக்கோல், கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் கடைத்தெருவுக்கே வரும். கரும்புத் தோகையின் சொரசொரப்பும் மஞ்சள் கிழங்கின் வளையங்களும் தேய்ப்புக்கு நன்றாக இருக்கும். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் தேன்கூடு போல அறைகள் தெரியும், அதில் வண்ணம் தொட்டு அச்சு வைக்கலாம். வெட்டியதும் சாறு வடியும், அது துணியில் பட்டால் கறை போகாது; அரை மணி நேரம் கவிழ்த்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஒரு பையன் பழுத்ததையும் பச்சையையும் ஒரே நிறமாகப் பூசுகிறான். கவனக்குறைவா?

அப்படிச் சொல்லிவிடாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத பார்வை சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும், பையன்களிடம் அதிகம். வகுப்பில் யாரும் கேட்காதபடி பெற்றோரிடம் சொல்லி, கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாடத்தில் அவனுக்கு நிறப் பெயருக்குப் பதில் வெளிர், அடர் என்ற வரிசை கொடுங்கள். தொட்டு அறிகிற பகுதியில் அவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை. குழுவில் பரப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவனிடம் விடலாம்.

மழையில் பயிர் சாய்ந்துபோன வருடம் என்ன செய்வது?

பாடத்தை நிறுத்த வேண்டாம், பொன் வயல் வரையச் சொல்லவும் வேண்டாம். தண்ணீரில் படுத்த கதிர் சாம்பல் பூத்துக் கறுக்கும், மணியிலேயே வெள்ளை முளை விடும். பிள்ளைகள் அதை வீட்டில் பார்த்திருப்பார்கள். அந்தச் சாம்பலையும் கறுப்பையும் முளையின் வெள்ளையையும் அவர்கள் பட்டையில் கொண்டுவந்தால் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். “ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது” என்று கேட்கவோ, கடைசிக் கட்டத்தில் சூரியன் போடச் சொல்லவோ கூடாது. நஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளையை வகுப்பு முன் நிறுத்திப் பேசவைக்கவும் வேண்டாம். அந்த வருடம் கதிர் கேட்டு வயலுக்குப் போகாதீர்கள், கடையில் வாங்குங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

அழகுக்குப் போடாதீர்கள். பட்டையை மூடிவைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பச்சையை எப்படிக் கலந்தாய், இது எதன் அச்சு, தொட்டபோது எப்படி இருந்தது. மூன்றுக்கும் பதில் சொல்கிற பிள்ளை முழு மதிப்பெண்ணுக்கு உரியது, கோடு கோணலாக இருந்தாலும்.

வேறு பருவத்துக்கும் இதையே நடத்தலாமா?

நடத்தலாம். வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி வறண்ட வாய்க்காலின் நிறத்தையும், தண்ணீர் வந்த பிறகு ஈர மண்ணின் நிறத்தையும் அடுத்தடுத்துக் கலந்து பார்க்கலாம். ஒரே மண், நனைந்தால் இரண்டு மடங்கு அடர்த்தி. ஆடிப்பெருக்குச் சமயத்தில் காவிரியின் கலங்கல் நிறம், ஐப்பசியில் நடவு வயலில் வானம் தெரிகிற சாம்பல், அறுப்பு முடிந்த பின் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து வரும் புதுப்பச்சை. மார்கழியில் வாசலில் பச்சைச் சாணத்தின் மேல் பரங்கிப்பூ வைத்திருப்பதை ஒருமுறை நின்று பார்க்கச் சொல்லுங்கள்; மஞ்சளுக்குப் பக்கத்தில் எந்த நிறம் வைத்தால் அது எரியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

செய்த பட்டைகளை எப்படி வைப்பது, மீந்ததை என்ன செய்வது?

வெயில் படாத சுவரில், தரையிலிருந்து பிள்ளைகளின் மார்பு உயரத்தில், தொடக்கூடிய மாதிரி ஒட்டுங்கள். “தொடாதே” என்று எழுத வேண்டாம்; நான்கு உமி உதிர்ந்தால் உதிரட்டும். எடுத்து வைக்கும்போது பட்டைகளுக்கு இடையே செய்தித்தாள் போட்டு, உலர்ந்த வேப்பிலை பரப்பி, தட்டையாக அடுக்குங்கள், சுருட்டினால் வைக்கோல் முறியும். மீந்த வைக்கோல் மாட்டுக்குப் போகட்டும், பசையோ வண்ணமோ பட்டது மட்டும் கொடுக்கக் கூடாது. சாயம் படாத களிமண் பலகைகளைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தால் மறுபடி மண்ணாகும். ஈரத்துணி சுற்றி வாளியில் மூடிவைத்தால் அடுத்த வகுப்புக்கு ஆகும்.